எங்கள் தெரு ஏன் அடுத்த வார்டுக்குப் போனது?

வாசகர் கேள்வி-பதில்: உள்ளாட்சி வார்டு மறுவரையறை

வார்டு எல்லைகளைத் திருத்தி வரைவு வெளியிடும்போது பொதுமக்கள் ஆட்சேபணை சொல்லக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. பலருக்கு விஷயம் தெரிய வருவதே கடைசி இரண்டு மூன்று நாளில்தான். அதற்குள் பட்டியலைப் படித்து, கணக்குப் போட்டு, எழுதிக் கொடுத்து, ஒப்புகையும் வாங்கியாக வேண்டும். அதனால் இந்த வேலையை வரைவு வெளிவரும் முன்பே தெரிந்துவைத்திருப்பது நல்லது. இது தொடர்பாக வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: வரைவு என்று ஒட்டப்படும் பட்டியலில் பக்கம் பக்கமாகத் திசைகளும் தெருப் பெயர்களும்தான் இருக்கின்றன. சாதாரண ஆள் அதில் எதைப் பார்ப்பது?
– வாசகி, கோவில்பட்டி

ஒவ்வொரு வார்டுக்கும் மூன்று விஷயங்கள் இருக்கும். வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என நான்கு எல்லைகள். உள்ளே அடங்கும் தெருக்கள். மக்கள்தொகை, அதில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எண்ணிக்கை. முதல் வேலையாகப் பட்டியலின் எல்லாப் பக்கங்களையும், தேதியும் முத்திரையும் தெரியும்படி, கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஊர் வரைபடம் ஒன்றை விரித்துவைத்து, வடமேற்கு மூலையில் தொடங்கி எல்லைக் கோட்டைப் பென்சிலால் வரைந்துகொண்டே வாருங்கள். கோடு கிளம்பிய இடத்திலேயே வந்து சேர வேண்டும். சேரவில்லை என்றால் வரைவில் எங்கோ பிழை இருக்கிறது.

பிழைகள் பெரும்பாலும் சில இடங்களில்தான் வரும். பெரிய சாலை எல்லையாக இருந்தால், அதன் வடசிறகு வீடுகள் எந்த வார்டு, தென்சிறகு வீடுகள் எந்த வார்டு என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். வெறுமனே சாலையின் பெயரை இரண்டு வார்டுப் பட்டியலிலும் போட்டுவிட்டால், நாளைக்கு வாக்காளர் பட்டியல் பிரிக்கும்போது கதவு எண்கள் சிதறும். ஒரே பெயரில் பல தெருக்கள் இன்னொரு சிக்கல். பிள்ளையார் கோவில் தெருவும் முதல் குறுக்குத் தெருவும் ஊருக்கு மூன்று நான்கு இருக்கும். எந்த நகர், எந்தக் காலனி என்று சேர்த்து எழுதாவிட்டால் மாறிப் போகும். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்குள் உருவான நகர்கள் எந்த வார்டிலும் பெயரே இல்லாமல் விடுபடுவதும் உண்டு, ஏனென்றால் பட்டியல் பழைய கணக்கெடுப்பிலிருந்து எடுக்கப்படுகிறது. பெயர் மாற்றப்பட்ட தெருக்கள் பழைய பெயரிலும் புதிய பெயரிலும் இரண்டு வார்டுகளில் தோன்றும்.

கடைசியாக ஒரு கூட்டல். எல்லா வார்டுகளின் மக்கள்தொகையையும் கூட்டினால், 2011 கணக்கெடுப்பில் உங்கள் ஊருக்கு வந்த மொத்தம் அப்படியே வர வேண்டும். 2011-க்குப் பிறகு ஊரோடு வேறு பகுதி சேர்ந்திருந்தால் அதன் எண்ணிக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டியல் சாதி, பழங்குடி எண்ணிக்கைகளையும் இப்படியே கூட்டிப் பாருங்கள். மொத்தம் இடித்தால், அதைவிட வலுவான ஆட்சேபணை வேறில்லை. கருத்து வேறுபாடு என்று ஒதுக்கிவிட முடியாத ஒன்று அது.

கேள்வி: ஆட்சேபணை மனுவில் எத்தனை பேர் கையெழுத்து இருந்தால் மதிப்பு? எங்கள் தெருவில் எல்லோரும் போடத் தயார்.
– வாசகர், உடுமலைப்பேட்டை

நூறு கையெழுத்துக்கும் ஒரு கையெழுத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. மனுவைப் பரிசீலிப்பவர் முன்னால் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: நீங்கள் கேட்பதைச் செய்தால் மற்ற வார்டுகளின் எண்ணிக்கை என்ன ஆகும்? அதற்கு விடை மனுவிலேயே இருந்தால் மனு நிற்கும். இல்லாவிட்டால் ‘ஏற்க இயலவில்லை’ என்று ஒரு வரியில் முடிந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. ஒரு நகராட்சியின் மக்கள்தொகை 54,000, வார்டுகள் 27. சராசரி வார்டுக்கு 2,000 பேர். எல்லா வார்டும் முடிந்தவரை சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்பது விதி. சராசரிக்கு மேலும் கீழும் 10 சதவீதம் வரை போகலாம் என்பது வழக்கமான அளவு. கேரளத்தில் 2024-ல் நடந்த மறுவரையறையிலும் இதே 10 சதவீதம்தான். ஆக நம் ஊரில் ஒரு வார்டு 1,800-க்கும் 2,200-க்கும் இடையில் இருக்க வேண்டும்.

வரைவில் 11-வது வார்டில் 1,960 பேர், 12-வது வார்டில் 2,080 பேர். உங்கள் பகுதியில் 620 பேர். 11-லிருந்து 12-க்கு மாற்றிவிட்டார்கள். ‘எங்களைப் பழையபடி 11-லேயே சேருங்கள்’ என்று மட்டும் எழுதினால் 11-வது வார்டு 2,580 ஆகும், 12-வது வார்டு 1,460-க்கு இறங்கும். இரண்டுமே வரம்பைத் தாண்டிவிட்டன. அலுவலர் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நினைத்தாலும் செய்ய வழியில்லை.

இதையே மாற்று ஏற்பாட்டோடு கேட்க வேண்டும். 11-வது வார்டின் இன்னொரு ஓரத்தில், 12-ஐ ஒட்டி 540 பேர் உள்ள பகுதி இருக்கிறது என்று வையுங்கள். அதை 12-க்குக் கொடுத்து, உங்கள் 620 பேரை 11-க்கு எடுத்தால் 11-ல் 2,040, 12-ல் 2,000. இப்போது இரண்டு வார்டும் வரைவில் இருந்ததைவிட ஒன்றுக்கொன்று நெருக்கமாகிவிட்டன. இப்படிப்பட்ட மனுவைத்தான் அலுவலர் எடுத்துப் படிப்பார். ஆனால் அந்த 540 பேர் இருக்கும் பகுதியினரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். நீங்கள் எழுதிக் கொடுத்த மறுநாளே அவர்கள் எதிர் மனு கொடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும்.

620, 540 என்ற எண்கள் எங்கிருந்து வருகின்றன? கணக்கெடுப்பில் ஊரைச் சின்னச் சின்ன பிளாக்குகளாகப் பிரிப்பார்கள். ஒரு கணக்கெடுப்பாளர் ஏறி இறங்கக்கூடிய அளவு, சுமார் 125 முதல் 150 வீடுகள். வார்டு என்பது இந்த பிளாக்குகளை அடுக்கிக் கட்டிய சுவர். சராசரி 2,000 பேர் உள்ள வார்டில் மூன்று, மூன்றரை பிளாக்தான் அடங்கும். அதாவது ஒரு பிளாக்கை நகர்த்தினாலே வார்டில் மூன்றில் ஒரு பங்கு நகர்கிறது. சின்ன ஊர்களில் ஒரு பகுதியைச் சும்மா சேர்க்கவோ கழிக்கவோ முடியாது, பண்டமாற்றாகத்தான் செய்ய முடியும் என்பதற்கு இதுவே காரணம். ஒரே ஒரு தெருவை மட்டும் மாற்றக் கேட்பதானால், அந்தத் தெருவில் எத்தனை பேர் என்று தனியாகக் காட்ட வேண்டியிருக்கும்.

மனு ஒரு பக்கம் போதும். உங்கள் பெயர், முகவரி, எந்த வார்டு, வரைவில் எந்தப் பக்கம், எந்த வரி, என்ன மாற்றம் வேண்டும், அதனால் இரு வார்டுகளிலும் வரும் புது எண்ணிக்கை, பிறகு காரணம். கூடவே கையால் வரைந்த வரைபடம்: வரைவின் கோடு சிவப்பில், நீங்கள் கேட்கும் கோடு நீலத்தில்.

காரணம் எழுதும்போது தரையில் காணக்கூடியதை எழுதுங்கள். நடுவில் ரயில் பாதை இருக்கிறது, சுரங்கப்பாதை ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி. நடுவில் ஆறு, மழைக்காலத்தில் தரைப்பாலம் மூழ்கும். ஒரே கழிவுநீர்க் கால்வாய் இரு பக்கத்துக்கும் பொது, வார்டு பிரிந்தால் தூர்வாரும் வேலை பாதியில் நிற்கும். வாக்குச்சாவடிக்கு நான்குவழிச் சாலையைக் கடக்க வேண்டும். இவற்றுக்கு எடை உண்டு. ‘பரம்பரையாக நாங்கள் இந்த வார்டு’, ‘இப்போதைய கவுன்சிலர் நல்லவர்’, ‘குறிப்பிட்ட கட்சிக்குச் சாதகமாகப் பிரித்திருக்கிறார்கள்’ போன்றவற்றுக்கு எடை இல்லை. கடைசியாகச் சொன்னது சில சமயம் உண்மையாகவே இருக்கலாம். அப்போதும் அதைக் குற்றச்சாட்டாக எழுத வேண்டாம், எண்ணிக்கையாக எழுதுங்கள்: ‘பக்கத்து வார்டு 1,810, இந்த வார்டு 2,190, இடையில் இருக்கும் பிளாக்கை இந்தப் பக்கம் சேர்த்ததற்குப் புவியியல் காரணம் எதுவும் தெரியவில்லை.’

கேள்வி: எங்கள் பகுதியில் 2011-க்குப் பிறகு அடுக்குமாடிக் குடியிருப்புகள் வரிசையாக வந்துவிட்டன. வாக்காளர்கள் இரண்டு மடங்கு. ஆனால் வரைவில் பழைய எண்ணிக்கை. இதை ஆட்சேபணையாகக் கொடுக்கலாமா?
– வாசகர், தாம்பரம்

கொடுக்கலாம். ஆனால் இதை மட்டும் நம்பாதீர்கள். மக்கள்தொகை என்றால் கடைசியாக நடந்து, எண்ணிக்கை வெளியிடப்பட்ட கணக்கெடுப்பின் மக்கள்தொகை என்று அரசியலமைப்பே வரையறுத்துவிட்டது. நகராட்சிகளைப் பற்றிய 9-ஏ பாகத்தில் 243-பி (243P) பிரிவு அதைச் சொல்கிறது. வாக்காளர் பட்டியலில் எத்தனை பேர் இருந்தாலும், கண்ணெதிரே எத்தனை மாடி எழும்பியிருந்தாலும், வார்டு பிரிக்கும் கணக்கில் அது நேரடியாக ஏறாது. 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலும் 2011 எண்ணிக்கையில் பிரித்த வார்டுகளில்தான் நடந்தது.

இங்கிலாந்தில் முறை வேறு. அங்கே உள்ளாட்சி எல்லை ஆணையம் மக்கள்தொகையை அல்ல, வாக்காளர் எண்ணிக்கையை எடுக்கிறது. அதுவும் ஐந்தாண்டு கழித்து எத்தனை பேர் இருப்பார்கள் என்ற மதிப்பீட்டையும் சேர்த்துப் பார்க்கிறது. கட்டிக்கொண்டிருக்கும் குடியிருப்புகூட அங்கே கணக்கில் வரும். வளரும் புறநகருக்கு அந்த முறைதான் நியாயம் என்று தோன்றுகிறது. ஆனால் இங்கே அதைக் கேட்க வேண்டிய இடம் சட்டமன்றமும் நாடாளுமன்றமும். வார்டு ஆட்சேபணை மனுவில் கேட்டுப் பயனில்லை.

மனுவில் இதைத் துணைக் காரணமாக வைக்கலாம். ஒன்றுக்கொன்று சமமான இரண்டு கோடுகள் சாத்தியம் என்னும்போது, வேகமாக வளரும் பகுதியை வரம்பின் கீழ்ப்பக்கத்திலும், வளர்ச்சி நின்றுபோன பகுதியை மேல்பக்கத்திலும் வைக்கச் சொல்லுங்கள். அது விதிக்குள் அடங்கிய கோரிக்கை.

அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக வைத்து அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதற்காக நிர்வாக எல்லைகள் 2025 டிசம்பர் 31-ல் இருந்தபடி உறைய வைக்கப்பட்டன. அந்தக் கணக்கெடுப்பில் உங்கள் குடியிருப்பின் ஒவ்வொரு வீடும் எண்ணப்பட்டதா என்று பார்ப்பதுதான் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை. பூட்டியிருந்த வீடு, ‘சொந்த ஊரில் எழுதிக்கொண்டோம்’ என்று சொன்ன வாடகைக் குடும்பம், காவலாளி குடும்பம் எல்லாம் பிற்பாடு வார்டு பிரிக்கும்போது இல்லாத ஆட்களாகிவிடுவார்கள்.

கேள்வி: எங்கள் பேரூராட்சியில் ஆதிதிராவிடர் குடியிருப்பு ஒன்றை நடுவில் வெட்டி இரண்டு வார்டுகளில் போடுவது போலக் கோடு போனால், அதனால் இட ஒதுக்கீடு பாதிக்குமா? இட ஒதுக்கீடு இப்போது பேசவேண்டிய விஷயமில்லை என்கிறார்களே?
– வாசகர், கடலூர் மாவட்டம்

எந்த வார்டு யாருக்கு ஒதுக்கீடு என்ற அறிவிக்கை தனியாகப் பின்னால்தான் வரும், அது உண்மை. ஆனால் அந்த முடிவைப் பாதிக்குமேல் தீர்மானிப்பது இப்போது போடும் கோடு. அதனால் பேசவேண்டிய நேரம் இதுதான்.

ஊரின் மொத்த மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் எத்தனை சதவீதமோ, அதே விகிதத்தில் வார்டுகள் ஒதுக்கப்பட வேண்டும். எந்த வார்டுகள் என்பது, பட்டியல் சாதியினரின் சதவீதம் அதிகமுள்ள வார்டிலிருந்து இறங்குவரிசையில் எடுக்கப்படும். இதை எண்ணில் பாருங்கள். 15,000 பேர், 15 வார்டு, பட்டியல் சாதியினர் 3,000 பேர் உள்ள ஒரு பேரூராட்சி. 20 சதவீதம், ஆகவே 3 வார்டு ஒதுக்கீடு. குடியிருப்பில் 700 பேர். முழுதாக ஒரே வார்டில் இருந்தால் அந்த வார்டில் 70 சதவீதம், வரிசையில் முதலிடம். வேறு மூன்று வார்டுகளில் 50, 45, 40 சதவீதம் இருக்கிறது என்றால், 70, 50, 45 சதவீத வார்டுகள் ஒதுக்கப்படும்.

இப்போது குடியிருப்பை 350, 350 என்று இரண்டாக வெட்டுங்கள். வேறு பட்டியல் சாதியினர் அந்த இரு வார்டுகளிலும் இல்லை என்று வைத்தால், இரண்டிலும் 35 சதவீதம்தான். ஒதுக்கீடு 50, 45, 40 சதவீத வார்டுகளுக்குப் போய்விடும். ஊரிலேயே பெரிய குடியிருப்புக்கு ஒதுக்கீட்டு வார்டும் இல்லை, பொது வார்டில் ஜெயிக்கும் பலமும் இல்லை. ஒதுக்கீட்டு எண்ணிக்கை மூன்று மூன்றாகவே இருப்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் எதுவுமே குறையவில்லை என்றுதான் தெரியும்.

ஆகவே மனுவில் இந்த இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்: வரைவின்படி இறங்குவரிசை, நீங்கள் சொல்லும் கோட்டின்படி இறங்குவரிசை. அடுத்தடுத்த வீடுகளாக ஒரே குடிநீர்த் தொட்டி, ஒரே மயானப் பாதை, ஒரே ரேஷன் கடை என்று இருக்கும் குடியிருப்பை நடுவில் வெட்டத் தரையில் எந்தக் காரணமும் இல்லை என்று எழுதுங்கள். வரைவுப் பட்டியலில் பட்டியல் சாதி எண்ணிக்கை சரியாக ஏறியிருக்கிறதா என்பதையும் சோதியுங்கள். ஒரு பிளாக்கின் எண் மாறி விழுந்தாலே வரிசை புரண்டுவிடும்.

பெண்களுக்கான ஒதுக்கீட்டில் நிலைமை வேறு. தமிழ்நாட்டில் 2016 முதல் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று சட்டம் இருக்கிறது. ஆண், பெண் எண்ணிக்கை தெருவுக்குத் தெரு பெரிதாக மாறாததால் கோடு போடுவது அதை இந்த அளவுக்குப் பாதிக்காது.

கேள்வி: வார்டுகள் சமமாக இல்லாவிட்டால் நடைமுறையில் என்ன நஷ்டம்? கவுன்சிலர் கவுன்சிலர்தானே?
– வாசகி, அம்பத்தூர்

சென்னையே பெரிய உதாரணம். 2011-ல் 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சி என 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டர் ஆனது. வார்டுகள் 155-லிருந்து 200 ஆயின. பழைய நகரத்தின் 155 வார்டுகள் 107-ஆகச் சுருங்கின; சேர்ந்த பகுதிகளுக்கு 93. அதே ஆண்டின் கணக்கெடுப்பில் பழைய நகரத்தில் 46.47 லட்சம் பேர், விரிந்த மாநகராட்சி முழுவதிலும் 66.72 லட்சம் பேர். வகுத்துப் பாருங்கள். அந்தப் பிரிப்பின்படி பழைய நகரத்தில் ஒரு கவுன்சிலருக்குச் சராசரியாக 43,000-க்கு மேல். சேர்ந்த பகுதிகளில் சுமார் 22,000. ஏறத்தாழ ஒன்றுக்கு இரண்டு.

மன்றத்தில் இருவருக்கும் ஒரே ஓட்டு. வார்டு மேம்பாட்டு நிதி வார்டுக்கு இவ்வளவு என்று பிரிக்கப்பட்டால், 43,000 பேருக்கு வரும் தொகையும் 22,000 பேருக்கு வரும் தொகையும் ஒன்றே. தெருவிளக்குக்கு, மழைநீர் வடிகாலுக்கு என்று தலைக்குக் கிடைப்பது பாதி. மறுபக்கமும் உண்டு: சேர்ந்த பகுதிகளில் பரப்பு அதிகம், சாலையும் குழாயும் இல்லாத இடங்கள் அதிகம், அவர்களுக்குக் கூடுதல் குரல் வேண்டும் என்ற வாதத்தை ஒரேயடியாகத் தள்ள முடியாது. ஆனால் அதற்கு நிதி ஒதுக்கீட்டில் வழி காண வேண்டும். ஓட்டின் எடையைக் குறைத்துக்கூட்டி அல்ல.

கேள்வி: கிராம ஊராட்சியிலும் இதே முறைதானா? கிராம சபைத் தீர்மானம் போட்டால் வார்டை மாற்றிவிடலாமா?
– வாசகர், தென்காசி மாவட்டம்

அடிப்படை அதேதான். கிராம ஊராட்சியின் வார்டு எண்ணிக்கை மக்கள்தொகை எந்த அளவில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஊராட்சி ஒன்றியத்தில் 5,000 பேருக்கு ஒரு வார்டு, மாவட்ட ஊராட்சியில் 50,000 பேருக்கு ஒரு வார்டு என்பது கணக்கு. மூன்றுக்கும் வரைவு தனித்தனியாக வரும், மூன்றையும் பாருங்கள். கிராமத்தில் பெரும்பாலோர் தங்கள் ஊராட்சி வார்டை மட்டும் பார்த்துவிட்டு ஒன்றிய வார்டைக் கவனிக்காமல் விடுகிறார்கள். குளக்கரையைத் தாண்டி, வேறு பேருந்துத் தடத்தில் இருக்கும் ஊராட்சியோடு உங்கள் ஊரைச் சேர்த்திருந்தால் அது தெரிய வருவது தேர்தல் சமயத்தில்தான்.

நகரத்துக்கும் கிராமத்துக்கும் ஒரு முக்கிய வித்தியாசம். கிராம வார்டு ஒன்றில் முந்நூறு நானூறு பேர்தான் இருப்பார்கள். ஒரு கணக்கெடுப்பு பிளாக் அதைவிடப் பெரியது. அதனால் ஒரே பிளாக்கை இரண்டு வார்டாகக் கிழிக்க வேண்டியிருக்கும், அதைத் தெரு வாரியாக, கதவு எண் வாரியாகத்தான் செய்ய முடியும். பிழை அதிகம் வருவதும் இங்கேதான். எந்தக் கதவு எண்ணிலிருந்து எந்தக் கதவு எண் வரை என்று வரைவில் இருப்பதைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் ஒருமுறை நடந்துவிடுங்கள். இடையில் புதுக் கதவு எண், 14-ஏ, 14-பி என்று உடைந்த எண்கள் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். தோட்டங்களில் தனித்தனியாக இருக்கும் வீடுகளும் குக்கிராமங்களும் விடுபடும் வாய்ப்பு அதிகம்.

கிராம சபைத் தீர்மானம், வார்டு பிரிக்கும் மறுவரையறை ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. வரைவு வருவதற்கு முந்தைய கூட்டத்திலேயே ‘இந்த இரு குக்கிராமங்களும் ஒரே வார்டில் இருக்க வேண்டும்’ என்று காரணத்தோடு தீர்மானம் எழுதி வைத்திருந்தால், ஆட்சேபணை மனுவோடு நகலை இணைக்கலாம். வரைவு வந்த பிறகு அவசரத்தில் எழுதிய தீர்மானத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

கேள்வி: பிளாக் வாரியான எண்ணிக்கையை எங்கே வாங்குவது?
– வாசகி, ஈரோடு

வார்டு வாரியான 2011 எண்ணிக்கை மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் இணையதளத்தில் இலவசமாக இருக்கிறது. அதில் மொத்தம், ஆண், பெண், பட்டியல் சாதி, பழங்குடி எல்லாம் உண்டு. பிளாக் வாரிப் பட்டியலும் வரைபடமும் வேண்டும் என்றால் உள்ளாட்சி அலுவலகத்தில் முதலில் நேரில் கேளுங்கள். வரைவுக்கு அடிப்படையான பதிவேடு என்பதால் பார்வையிடக் கேட்பதில் தவறில்லை. கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனு. பதில் தர 30 நாள் அவகாசம் இருக்கிறது. ஆட்சேபணைக் காலமோ அதற்குள் முடிந்துவிடும். ஆகவே மறுவரையறை வரப்போகிறது என்ற பேச்சு அடிபடத் தொடங்கியதுமே மனுவைப் போட்டுவிட வேண்டும். ‘ஆவணத்தை நேரில் பார்வையிட அனுமதி’ என்றும் சேர்த்துக் கேளுங்கள். நகல் எடுக்கும் தாமதம் மிச்சம்.

எதுவுமே கைக்கு வராத நிலையில், வரைவில் உள்ள வார்டு எண்ணிக்கையையும், வீடு வீடாக நீங்களே எடுத்த கணக்கையும் வைத்து எழுதலாம். ஆனால் அது உங்கள் கணக்கு என்று மனுவிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மனுவை யாரிடம் கொடுப்பது? கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எப்படிப் பேசுவது?
– வாசகர், மன்னார்குடி

தமிழ்நாட்டில் இந்தப் பணியைச் செய்வது 2017-ம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மறுவரையறை ஆணையம். மாநிலத் தேர்தல் ஆணையர் அதன் தலைவர். வரைவு அறிவிக்கையின் கடைசிப் பத்தியில் எந்த அலுவலரிடம், எந்தத் தேதிக்குள் என்று இருக்கும். அங்கேயே கொடுங்கள். நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குவது முதல் வழி. முடியாதவர்கள் விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் கடைசித் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும், அனுப்பிய தேதி உதவாது. கவுன்சிலர் வழியாகக் கொடுத்தனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். ஒப்புகை உங்கள் கையில் இல்லாவிட்டால், மனு கொடுத்தீர்கள் என்பதற்கே ஆதாரமில்லை.

கூட்டத்தில் பல ஊர்க்காரர்கள் வந்திருப்பார்கள். உங்களுக்கு ஓரிரு நிமிடம் கிடைத்தால் பெரிது. ஊர் வரலாறு, நன்றியுரை எதுவும் வேண்டாம். ‘இன்ன நகராட்சி, 11, 12 வார்டு, மனு கொடுத்த தேதி இது, 620 பேரும் 540 பேரும் இடம் மாற வேண்டும், மாறினால் 2,040, 2,000’ என்று சொல்லி வரைபடத்தை நீட்டுங்கள். பத்துப் பேர் போனாலும் ஒருவரே பேசுவது நல்லது. எதிர்த் தரப்பு பேசும்போது குறுக்கிட வேண்டாம். அவர்கள் சொல்லும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அது வரைவோடு பொருந்துகிறதா என்று பார்த்துக் கேளுங்கள்.

கேள்வி: இறுதி அறிவிக்கை வந்த பிறகு நீதிமன்றம் போகலாமா?
– வாசகர், வேலூர்

வழி மிகக் குறுகலானது. வார்டு பிரிப்பது தொடர்பான சட்டத்தின் செல்லுபடியை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்று அரசியலமைப்பின் 243-ஓ (ஊராட்சி), 243-இசட்ஜி (நகராட்சி) பிரிவுகள் சொல்கின்றன. அதற்காகக் கதவு முழுக்க அடைபட்டதாகவும் இல்லை. வெளிப்படையாகவே தன்னிச்சையான, அரசியலமைப்புக்கு விரோதமான மறுவரையறை உத்தரவை நீதிமன்றம் பார்க்கலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், சட்டமன்றத் தொகுதி தொடர்பான வழக்கில் சொன்னது. நடைமுறையே விடுபட்டிருந்தால் வாதம் இன்னும் வலுவாக நிற்கும். உங்கள் மாவட்டமே சாட்சி: நான்கு மாவட்டங்கள் ஒன்பதாகப் பிரிந்த பிறகு புதிய மறுவரையறை செய்யாமல் அங்கே தேர்தல் கூடாது என்று 2019 டிசம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மற்ற 27 மாவட்டங்களில் அந்த மாதம் 27, 30 தேதிகளில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரில்தான்.

ஒரு தெரு மாறிவிட்டது என்பதற்காக வழக்குப் போட்டால் நிற்பது கடினம். எப்படியானாலும் நீதிமன்றம் முதலில் கேட்பது, வரைவு நிலையில் ஆட்சேபணை கொடுத்தீர்களா என்றுதான்.

கேள்வி: வார்டு எண் மாறிவிட்டால் ரேஷன் கார்டு, சொத்து வரி, வாக்காளர் அட்டை எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா?
– வாசகி, பல்லடம்

ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை இரண்டுக்கும் ஒன்றும் செய்ய வேண்டாம். சொத்து வரி, குடிநீர்க் கட்டண ரசீதில் வார்டு எண்ணை அலுவலகமே மாற்றும். அடுத்த முறை கட்டும்போது பழைய ரசீதைக் கையோடு கொண்டுபோய், வரி விதிப்பு எண் உங்கள் பெயரில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

கவனமாகப் பார்க்க வேண்டியது உள்ளாட்சித் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியல். அது சட்டமன்ற வாக்காளர் பட்டியலிலிருந்து எடுத்து வார்டு வாரியாகப் பிரிக்கப்படுவது. சட்டமன்றப் பட்டியலின் ஒரு பாகத்தில் இருக்கும் தெருக்கள் இரண்டு மூன்று வார்டுகளுக்குச் சிதறும்போதுதான் தவறு நேரும்: கணவர் 7-வது வார்டில், மனைவி 8-வது வார்டில், அல்லது எல்லைச் சாலையின் ஒரு சிறகு முழுவதும் எதிர் வார்டில். வார்டு வாரிப் பட்டியல் வெளியானதும் உங்கள் வீட்டைத் தேடுவதோடு நிறுத்தாமல், எல்லைத் தெருவின் முதல் வீட்டையும் கடைசி வீட்டையும் பாருங்கள். அவை இரண்டும் சரியாக இருந்தால் இடையில் உள்ளவை பெரும்பாலும் சரியாக இருக்கும். தவறு இருந்தால், இறுதி மறுவரையறை அறிவிக்கையில் உங்கள் தெரு இருக்கும் பக்கத்தின் நகலை இணைத்து நகராட்சி அலுவலகத்தில் தேர்தல் பிரிவில் எழுதிக் கொடுங்கள். வேட்புமனுத் தாக்கல் தொடங்கும் முன் கொடுத்துவிட வேண்டும்.